கோப்பை ஏந்தியவரின் மனைவி

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து எழுந்தவர்களே,

நம் கைப்பேசிக் குழுவுக்குத் தினமும் காலையில் ஒரு பளிங்குத் தலை வருகிறது. சுருட்டைத் தாடி, கருவிழி இல்லாத கண்கள், கீழே தமிழில் இரண்டு வரி. அன்று வகுப்புத் தலைவராக இருந்தவர்தான் இன்றும் பொறுப்பாக அனுப்புகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கிரேக்க ஞானிகள் மேல் பிடிப்பு வந்துவிட்டது. கோபத்தை எப்படி அடக்குவது, கையில் இல்லாததை எப்படி விட்டுவிடுவது, சாவுக்கு எப்படி அஞ்சாமல் இருப்பது. நீங்கள் எல்லோரும் கைகூப்பும் படத்தைப் பதிலாகப் போடுகிறீர்கள். போன வாரம் வந்த வரி, உயிர் போன உடல் எங்கே கிடந்தால் என்ன என்ற பொருளில் இருந்தது. அதற்கு நான் மட்டும் கைகூப்பவில்லை. "டீச்சருக்கு என்னா லா கோவம்?" என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்.

கோபம் இல்லை. அந்தச் சொல்லை நாம் எல்லோரும் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறோம், நம் தோட்டத்து மேடையில், என் அப்பாவின் வாயால். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் என்ன நடந்தது என்று உங்களில் சிலருக்குப் பாதி தெரியும். மீதியை எழுதி வைக்கிறேன்.

எதை எழுதினாலும் நாளும் ஆண்டும் போடுவது என் வழக்கம். இதற்கு ஆண்டு போடவில்லை. உங்களில் மூன்று பேரிடம் விசாரித்தேன், ஆளுக்கொரு ஆண்டைச் சொன்னீர்கள். நான் சத்தியம் செய்யக்கூடியது இவ்வளவுதான்: தைப்பூசம் முடிந்திருந்தது, சித்திரை பிறக்கவில்லை, ரப்பர் மரங்கள் மொத்தமாக இலை உதிர்த்திருந்தன. கரங்கான் டவுனிலிருந்து உள்ளே வரும் செம்மண் பாதை முழுக்கச் சருகு. மிதித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம். வருடம் முழுக்க இருட்டாகக் கிடக்கும் மர நிரைகளுக்குள் அந்த மாதங்களில் மட்டும் வெயில் தரை வரை இறங்கும். மரங்கள் பால் கொடுக்காமல் கஞ்சத்தனம் செய்யும். பெரியவர்கள் சீக்கிரம் வீடு திரும்பி என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். சீட்டு, சண்டை எல்லாம் அந்தப் பருவத்தில்தான் பெருகும்.

முதலில் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டோம். பள்ளிக்கூடம் சேரும் வயது வரவில்லை. அதற்கு முந்திய மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டது. பாதை வெள்ளத்தில் மூழ்கியிருந்ததால் வண்டி வரவில்லை. வெள்ளம் வடிந்தபோது அவள் இல்லை. அப்பா அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தார். பதினெட்டாம் மைல்கட்டை ஓடைக்கு அப்பால், மேட்டு நிலத்தில் நம் இடுகாடு இருந்ததே, அங்கே ஓரமாகப் புதைத்தார்கள். அடையாளத்துக்கு ஒரு மங்கைக் கவிழ்த்து மண்ணில் பாதி அழுத்தி வைத்தார்கள். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் அதே பீங்கான் மங்குதான். பெரியவர்களுக்குச் சிமெண்டுக் கல், பிள்ளைகளுக்கு மங்கு, அதுதான் நம் தோட்டத்து வழக்கம்.

அதன் பிறகு அப்பா தூங்கவில்லை. பால் கொட்டும் ஸ்டோரில் அவருக்கு வேலை. வேலை முடிந்து வந்தால் வாழைமரத்துப் பக்கம் போய் நின்றுகொள்வார். அந்த நேரத்தில்தான் படிப்பகத்துச் செயலாளர் பொங்கல் நாடகத்துக்கு ஆள் தேடி வந்தார். ஏதென்சு நகரத்தில் நஞ்சு குடித்துச் செத்த கிழவரின் கதை. வசனம் நீளம், வேறு யாருக்கும் மனப்பாடம் ஆகவில்லை. அப்பாவுக்கு ஒரே வாரத்தில் ஆயிற்று. வாழைமரங்களைப் பார்த்து அவர் வசனம் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன். "அழாதீர்கள் நண்பர்களே! நீங்கள் மண்ணில் வைக்கப்போவது என்னையல்ல, நான் சுமந்த பாரத்தை!" அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். சொல்லி முடித்த பிறகு வீட்டுக்குள் வந்து படுப்பார், குறட்டை விடுவார். நடிப்பதற்காகப் பழகுகிறார் என்று நினைத்தோம். தூங்குவதற்காகப் பழகியிருக்கிறார் என்று இப்போது படுகிறது.

நாடகம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவுக்கு வெள்ளை வேட்டியைத் தோளில் போர்த்தி, பஞ்சுத் தாடி ஒட்டியிருந்தார்கள். நஞ்சுக் கோப்பை, ஸ்டோரிலிருந்து அவரே கழுவிக் கொண்டுவந்த மங்கு. உள்ளே கறுப்புக் கோப்பி. கிழவரின் மனைவியாக நம் முடிவெட்டுபவர், என் அம்மாவின் சேலையில், இடுப்பில் தலையணையைப் பிள்ளையாகக் கட்டிக்கொண்டு வந்தார். "ஐயோ என் ராசா!" என்று அவர் விழுந்து புரண்டதில் கொட்டகையே சிரித்தது.

"பார்பர் அண்ணே, போதும் லா, தொண்ட கட்டிக்கும்!"

"தலவாணி கீழ விழுந்திருச்சு, எடுத்து பால் குடு!"

கிழவர் கையை உயர்த்தி, "இவளை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார். இரண்டு பேர் முடிவெட்டுபவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அப்பா பேசினார், சிரிப்பு அடங்கியது. பாரத்தைப் பற்றிய அந்த வரி வந்தபோது தண்டல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். வேலைக்காரர்களை விரட்டி மேய்க்கும் தண்டலே அழுதார். அப்பா மங்கை உயர்த்திக் கோப்பியைக் குடித்துச் சாய்ந்தார்.

மறுநாள் அம்மா சேலையை அலசிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, அந்தப் பொம்பளைய யாரு வீட்டுல கொண்டுபோயி விட்டா?"

"எந்தப் பொம்பள?"

"கெழவரு பொண்டாட்டி. கையில புள்ளையோட போனாங்களே."

"அது கதைக்கு முக்கியமில்ல."

அம்மா சேலையை உதறிக் கயிற்றில் போட்டாள்.

அன்று முதல் அப்பாவுக்கு ஞானி என்று பெயர். காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது தண்டல் கேட்பார், "என்னா ஞானி, இன்னிக்கு மங்குல பாலா விஷமா?" அப்பா சிரித்துக்கொள்வார். ஆனால் நிமிர்ந்து நடந்தார். வீட்டில் குரல் உயர்த்துவதை விட்டார். யாராவது செத்தால் தேற்றுவதற்கு அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தோட்டத்தில் ஒரு மனிதருக்கு இந்த மாதிரி மரியாதை வருவது லேசில் நடக்காது. அதுவும் ஸ்டோரில் வேலை செய்பவருக்கு.

இலை முழுக்க உதிர்ந்து முடிந்த ஒரு காலையில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெரட்டுக்கு வந்து அறிவித்தார். தோட்டம் கைமாறிவிட்டது. மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப் போகிறார்கள். ஓடைக்கு அப்பால் உள்ள மேட்டு நிலமும் அதில் சேர்த்தி. தங்கள் மனிதர்களை எடுத்துக்கொண்டு போக விரும்புகிறவர்களுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு லோரி தருவார்கள், டவுன் இடுகாட்டில் ஓர் ஓரம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு நிலத்தைச் சமப்படுத்திவிடுவார்கள்.

அன்று மாலை அம்மா பின்படியில் உட்கார்ந்து ஒரு தூக்குச்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகும் பச்சை எனாமல் சட்டி. விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் பூச்சு பெயர்ந்து கறுப்பாக இருக்கும். பாப்பாவுக்கு அதில்தான் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள்.

"அது என்னாத்துக்கு இப்ப?" என்றார் அப்பா.

"பாப்பாவுக்கு. சட்டி போதும். சின்னப் புள்ளதான்."

அப்பா படியில் உட்கார்ந்தார். "இந்தாம்மா, அங்க அவ இல்ல. மண்ணு இருக்கு, எலும்பு இருக்கு. அது அவ இல்ல."

"இல்லேன்னு உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?"

அப்பா வாழைமரங்களிடம் பேசிய அதே குரலில், மண்ணில் வைத்தது அவளையல்ல, அவள் சுமந்த பாரத்தை என்று தொடங்கினார். அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நான் நாடகம் பாக்க வந்தவ இல்லீங்க."

அப்பா வந்தாக வேண்டியதன் காரணம் இதுதான். நம் தோட்டத்தில் பெண்கள் இடுகாட்டுக்குள் போவதில்லை. ஓடைப்பாலத்தோடு நின்றுவிட வேண்டும். பிள்ளையின் குழியைத் திறப்பதானால் தகப்பன்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும், அவன் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருவன் மண்வெட்டி வைத்தால் தகப்பனுக்கும் சேர்த்துக் குழி வெட்டியதாக அர்த்தம். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. அதனால் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீ வந்து ஒரே ஒரு வெட்டு போடு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். நீ திரும்பிக்கூட பாக்க வேணாம்."

"அத்தன பேரு முன்னால நின்னு சொன்னேன்ணே. செத்த வீட்டுக்கெல்லாம் போயி அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இப்ப என் புள்ளைன்னதும் மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனா, அதெல்லாம் பொய்யின்னு ஆயிடும்."

"டேய், அது நாடகம்டா!"

"எனக்கு அது நாடகம் இல்லண்ணே."

பெரியப்பா அவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரி வந்து பாலத்துக்கு அருகே நின்றது. பெண்கள் பாலத்தின் கட்டைமேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். அம்மா மடியில் தூக்குச்சட்டி, மூடியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தாள். ஆண்கள் மண்பானைகளோடு ஒவ்வொருவராக மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். பானை வரும்போது அந்தந்த வீட்டுப் பெண் எழுந்து கையால் தொட்டுவிட்டு உட்காருவாள். இலையில்லாத மரங்களுக்கு இடையே மேடு முழுவதும் தெரிந்தது. பாப்பாவின் மங்கு வெயிலில் மின்னியது. பாலத்திலிருந்தே பார்க்கக்கூடிய தூரம்தான்.

"நான் வெட்றேன்கா," என்றான் லோரியோடு வந்த இளைஞன் ஒருவன். "எனக்கு அதெல்லாம் பயமில்ல."

தண்டல் தடுத்துவிட்டார். "தகப்பன் உசுரோட இருக்கான்டா. நாளைக்கு அவனுக்கு ஒன்னு ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னார், "ஞானிய வரச் சொல்லுங்க. ஒரு வெட்டு போதும்."

அம்மா எழுந்து பாலத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தாள். பெரியம்மா அவளுடைய சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். "வேணாம்டி. நீ ஓடுனா அத்தன பொம்பளையும் உள்ள ஓடிருவாளுங்க."

என்னை அனுப்பினார்கள். நான் சருகுகளில் ஓடினேன். அப்பா படிப்பகத்தில், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே பழைய செய்தித்தாள் வாடை. கதவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு மண்வெட்டி சாத்தியிருந்தது.

"அப்பா, லோரி நிக்குது."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மண்வெட்டியைப் பார்த்தார். "போகச் சொல்லு," என்றார்.

வீட்டு மண்வெட்டி படிப்பகத்துக்கு எப்படி வந்தது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவரே தூக்கிக்கொண்டு பாதி வழி வந்திருக்கிறார். வீட்டுக்கும் இடுகாட்டுக்கும் நடுவில்தான் படிப்பகம் இருந்தது என்பதை இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

லோரி ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். நெடுநேரம் காத்திருந்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து, "சூடா கா, அக்கா?" என்று கேட்டார். முடிந்ததா என்று. அம்மா வெறும் சட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு, முடிந்தது என்று தலையை ஆட்டினாள். லோரி போயிற்று.

அதற்குப் பிறகு மரங்களைச் சாய்த்தார்கள். நாங்கள் கூலிம் டவுனுக்கு வந்து மாடி வீட்டில் குடியேறினோம். அம்மா ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்த்தாள். தூக்குச்சட்டி அடுப்படிப் பலகையில் வெறுமனே இருந்தது. அதில் எதையும் வைக்க விடமாட்டாள். பிறகு ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் அது காணாமல் போயிற்று. பழைய இரும்புக்காரரிடம் யார் போட்டோம் என்று தெரியவில்லை.

சில ஆண்டுகளில் செம்பனை காய்க்க ஆரம்பித்திருக்க வேண்டும். அப்போதுதான் அம்மாவின் எண்ணெய்க் கதை தொடங்கியது. வீட்டில் தேங்காய் எண்ணெய், இல்லாவிட்டால் நல்லெண்ணெய். கடை எண்ணெய் வாசலுக்குள் வரக்கூடாது. வெளியே எதையும் வாயில் வைப்பதில்லை. இந்த நாட்டில் செம்பனை எண்ணெய் படாத பண்டம் ஏது? கல்யாண வீட்டில் வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டு எழுவாள். ரொட்டி சானாய் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். "எங்க வீட்டு எண்ணெய்க்கு என்னா நாத்தமா?" என்று அத்தை ஒருமுறை பந்தியிலேயே கேட்டுவிட்டாள். "டவுனுக்கு வந்ததும் மகாராணி ஆயிட்டாங்க லா" என்றார்கள். வேண்டுதல் என்றார்கள், வியாதி என்றார்கள். அம்மா எதையும் மறுக்கவில்லை. சோப்பிலும் அந்த எண்ணெய் இருக்கிறது என்று என் மகன் உறையைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து கடலைமாவுக்கு மாறினாள்.

ஒரு தீபாவளிக்கு முறுக்கு சுட உட்கார்ந்தோம். தேங்காய் எண்ணெய் போதவில்லை. கடை எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி அவளுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"எந்த மரத்துப் பழம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாப்பாவின் மேட்டிலும் செம்பனை நின்றது என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கேட்கிற தூரம்தான். தாளைப் புரட்டும் சத்தம் அதன் பிறகு வரவில்லை.

நான் ஆசிரியையாகி, அந்தக் கிரேக்கர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் படித்திருக்கிறேன். எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் அப்பாவோடு வாதாடலாம் என்ற எண்ணத்தோடுதான் படித்தேன். ஓட்டை இல்லை. உடல் உணராது என்பது சரி. கையில் இல்லாததற்கு அழுது பயனில்லை என்பதும் சரி. அடிமையாகவும் முடவராகவும் இருந்த ஒருவர், பிள்ளையை முத்தமிடும்போதே அது சாகக்கூடியது என்று நினைத்துக்கொள் என்கிறார். தோட்டத்துத் தாய்மார்களுக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. எல்லாம் சரிதான், நண்பர்களே. சரியானதைச் சொல்லித்தான் ஒரு மனிதர் தன் மனைவியை வாழ்நாள் முழுக்க எண்ணெய்ப் பாட்டிலுக்கு அஞ்ச வைத்தார். தப்பானதைச் சொல்லியிருந்தால் என்றைக்காவது திருத்திக்கொண்டிருப்பார்.

அம்மா போய்ச் சில காலம் ஆகிறது. அவள் போன பிறகு அப்பா என் வீட்டில் இருந்தார். போட்டதைச் சாப்பிட்டார், அதிகம் பேசவில்லை. போன ஆண்டு ஒருநாள் காலையில் கேட்டார்:

"உங்கம்மா கேட்டாளே, அந்தப் பொம்பளைய யாரு கொண்டுபோயி விட்டான்னு. நீதான் படிச்சிருக்கியே. இருக்கா?"

"இருக்குப்பா. நண்பர் ஒருத்தரோட ஆளுங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. மாரடிச்சு அழுதுகிட்டே போனாங்களாம்."

"வீட்டுக்குப் போயி?"

"அதுக்கப்புறம் ஒன்னும் இல்லப்பா. கெழவரு பேச்சுத்தான்."

அப்பா தடியை எடுத்துக்கொண்டு, "தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

போனோம். பாதையில் தார் போட்டிருக்கிறார்கள். ஓடையைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள், பாலம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை, எந்த வரிசையும் அடுத்த வரிசையைப் போலவே. மேட்டையும் வெட்டிச் சமமாக்கியிருக்க வேண்டும், ஏறும் இடமே தட்டுப்படவில்லை. அப்பா தடியை ஊன்றி இறங்கி, ஒரு மரத்தின் செதில் அடியில் கை வைத்து, "இங்கயா?" என்று என்னைக் கேட்டார். பக்கத்து மரத்துக்கு நடந்து, "இங்கயா?" என்றார். நானும் தெரிந்தவள் போலச் சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது மரத்தில் அவர் கேட்கவில்லை. கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். தாடி நரைத்திருந்தது, பஞ்சு ஒட்டத் தேவையில்லை.

திரும்பி வந்தபோது மதியம். காலையில் கெம்போங் மீன் பொரித்து மூடி வைத்திருந்தேன். அவருக்குப் பிடித்த மீன். தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, மீனை ஓரத்தில் வைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார். மீனில் விரல் வைத்தவர் எடுத்துவிட்டார்.

"என்ன எண்ணெய்?" என்று கேட்டார்.

நான் அடுப்படியில் இருந்த கடை எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தேன். வீட்டில் வேறு எண்ணெய் இல்லை. அவர் தட்டை மெல்ல என் பக்கம் நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.